பாக்டீரியாவின் வைட்டமின் உற்பத்தியைத் தடுக்கும் மருந்துகள்

நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து பாக்டீரியாவைத் தாக்க வேண்டும். மனித உயிரணுக்களுக்கு ஊறு விளைவிக்கக் கூடாது. எனவே, பாக்டீரியாவில் மட்டும் நிகழும் செயல்களை ஆய்வாளர்கள் தேடுகின்றனர். வைட்டமின் உற்பத்தி அவற்றுள் ஒன்றாகும்.

அடிப்படை

டி.என்.ஏ. உருவாவதற்கு ஃபோலேட் (வைட்டமின் பி9) இன்றியமையாதது. மனிதர்கள் இதனைக் கீரை, பயறு முதலிய உணவுகளிலிருந்து பெறுகின்றனர். பெரும்பாலான பாக்டீரியாக்கள் இதனைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. அவ்வுற்பத்தி தடைபட்டால் அவற்றின் பெருக்கம் நின்றுவிடும்.

பயன்பாட்டில் உள்ள மருந்துகள்

• சல்ஃபா மருந்துகள்: இவ்வகையின் முன்னோடியான புரோன்டோசில் குறித்து ஜெர்மானிய அறிவியலாளர் கெர்ஹார்டு டோமாக் 1935-இல் அறிக்கை வெளியிட்டார். ஃபோலேட்டின் மூலப்பொருள் ஒன்றைப் போன்ற வடிவம் கொண்ட இம்மருந்துகள், அதற்குரிய இடத்தைப் பற்றிக்கொண்டு நொதியைச் செயலிழக்கச் செய்கின்றன.

• டிரைமெத்தோபிரிம்: இது அடுத்த கட்டத்து நொதியைத் தடுக்கிறது. அந்நொதி மனிதரிடமும் உண்டு. ஆயினும் பாக்டீரியாவின் நொதியையே இம்மருந்து பன்மடங்கு வலுவாகப் பற்றுகிறது.

• கோ-டிரைமாக்சசோல்: சல்ஃபாமெத்தாக்சசோல், டிரைமெத்தோபிரிம் ஆகிய இரண்டும் சேர்ந்த கூட்டு மருந்து.

புதிய ஆய்வுகள்

ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் ஆர்.என்.ஏ. பகுதியைத் தாக்கும் ரைபோசில் என்னும் சேர்மம் 2015-இல் அறிவிக்கப்பட்டது. காசநோய்க் கிருமி தானே தயாரிக்கும் பயோட்டினும் (வைட்டமின் பி7) ஆய்வாளர்களின் இலக்குகளுள் ஒன்று.

சவால்கள்

சில பாக்டீரியாக்கள் தமக்கு வேண்டிய வைட்டமினைச் சுற்றுப்புறத்திலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். அத்தகையவற்றில் உற்பத்தியை மட்டும் தடுப்பது பயனளிக்காமல் போகலாம். எனவே, ஆய்வகக் குடுவையில் வெற்றி பெற்ற சேர்மம், தொற்றுற்ற உடலிலும் செயல்படுகிறதா என்பதை உறுதிசெய்வது அவசியம். மேலும், மருந்து பற்ற இயலாதவாறு மாறுபட்ட நொதிகளைப் பெற்று, பாக்டீரியாக்கள் எதிர்ப்புத்திறன் அடைகின்றன. சல்ஃபா மருந்துகள் பல தொற்றுகளில் பயனிழந்தமைக்கு இதுவே முக்கியக் காரணமாகும்.

கவனத்திற்கு

• மருத்துவர் பரிந்துரையின்றி இம்மருந்துகளை உட்கொள்ளக் கூடாது.

• கர்ப்பம், சல்ஃபா ஒவ்வாமை, ஜி6பிடி நொதிக் குறைபாடு, சிறுநீரக நோய் ஆகியவற்றை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

• மருந்து உட்கொள்ளும்போது தோலில் தடிப்பு தோன்றினால் உடனடியாக மருத்துவரை அணுக வேண்டும்.

• தொற்றைக் குறைக்கும் நோக்கில் வைட்டமின் மிகுந்த உணவுகளைத் தவிர்க்க வேண்டாம். அவை உடலுக்குத் தேவை.