தபால் அட்டை முதல் சூம் வரை: வீட்டிலிருந்து படித்தவர்களின் கதை



போன கிழமை என்னிடம் முன்பு படித்த ஒரு பிள்ளை தன் உம்மாவோடு வீட்டுக்கு வந்திருந்தாள். உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தி. ஆனால் வெட்டுப்புள்ளி போதவில்லை. "ஒன்லைன்ல டிகிரி செய்யலாம் எண்டு சொல்றாங்க சேர். வீட்ட இருந்து படிக்கிறதெல்லாம் ஒரு படிப்பா?" என்று உம்மா கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால் இதை எழுதுகிறேன்.

வீட்டிலிருந்து படிப்பது கொரோனாவோடு வந்த புதினம் இல்லை. 1840இல் பிரித்தானியாவில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்தது. அதே ஆண்டில் ஐசக் பிட்மன் என்ற ஆசிரியர் தபால் வழியே சுருக்கெழுத்துப் படிப்பிக்கத் தொடங்கினார். மாணவர்கள் பயிற்சியை எழுதி அனுப்புவார்கள், அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். பாடம் போவதை விட, திருத்தம் திரும்பி வருவதுதான் அங்கே முக்கியம். இன்றைய ஒப்படைக்கும் இதுதான் அடிப்படை.

1858இல் லண்டன் பல்கலைக்கழகம், கல்லூரிக்கு வராதவர்களும் பரீட்சை எழுதிப் பட்டம் பெறலாம் என்று கதவைத் திறந்தது. 1878இல் பெண்களுக்கும் பட்டம் வழங்க முன்வந்தது. ஒக்ஸ்போர்ட் அதைச் செய்தது 1920இல், கேம்பிரிட்ஜ் 1948இல்!

நமது நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1921இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சொந்தமாகப் பட்டம் வழங்கும் அதிகாரம் இருக்கவில்லை. அங்கே படித்தவர்கள் லண்டனின் வெளிவாரிப் பரீட்சையையே எழுதினார்கள். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரை நிலைமை அதுதான். 'வெளிவாரி' என்றால் தரம் குறைவு என்று சொல்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 1969இல் நிறுவப்பட்டு, 1971இல் முதல் மாணவர்களைப் படிப்பிக்கத் தொடங்கியது. முன்தகைமை கேட்கவில்லை. பிபிசி வழியே விரிவுரை, தபாலில் புத்தகம். ஆனால் மாணவர்களைத் தனியே விட்டுவிடவில்லை. ஒப்படைகளைத் திருத்த ஆசிரியர்கள், சந்தித்துப் பேச நிலையங்கள், கோடைகால வகுப்புகள் எல்லாம் இருந்தன. 1980இல் நாவலையைத் தலைமையகமாகக் கொண்டு நமது திறந்த பல்கலைக்கழகம் உருவானது. வேலையில் இருந்துகொண்டே அங்கு படித்துத் தகைமை பெற்ற ஆசிரியர்கள் ஏராளம்.

இனி என் சொந்தக் கதை. இருபதுகளில் நானும் ஒரு வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்தேன். வந்த புத்தகப் பொதி ஆறு மாதம் பிரிக்காமலே அலுமாரியில் கிடந்தது. பாடம் கஷ்டமாக இருந்ததால் விடவில்லை. நேரம் ஒதுக்கவில்லை, கேட்க ஒருவரும் இல்லை, அதனால்தான் விட்டேன். இன்று ஒன்லைனில் பதியும் பிள்ளைகளுக்கும் இதுவே நடப்பதைப் பார்க்கிறேன். பதிவுக் கட்டணம் போகிறது, பிள்ளையின் நம்பிக்கையும் சேர்ந்து போகிறது.

ஆகவே காசு கட்ட முன்பே ஆயத்தமாகுங்கள். முதலில், அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று பாருங்கள். பாடநெறி எந்த மொழியில், பரீட்சை எங்கே, ஒப்படையை யார் திருத்துவது என்று கேளுங்கள். பதிய முன்பே ஒரு மாதம், தினமும் ஒரே நேரத்தில் ஒரு மணித்தியாலம் இருந்து படித்துப் பாருங்கள். அந்த மாதம் முடியாவிட்டால் மூன்று வருடமும் முடியாது. போன் ஒன்று போதும் என்று நினைக்க வேண்டாம், ஒப்படை எழுத ஒரு பழைய லெப்டொப்பாவது தேவை. அதே பாடம் படிக்கும் இன்னும் இருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வீட்டில் இருக்கிறாள் என்பதற்காக அவள் சும்மா இருக்கிறாள் என்று அர்த்தமில்லை. வகுப்பு நடக்கும்போது கடைக்கு அனுப்புவதும் தம்பியைப் பார்க்கச் சொல்வதும், பாடசாலையில் இருக்கும் பிள்ளையை இடையில் கூட்டி வருவதைப் போன்றதுதான்.

இதையெல்லாம் அந்த உம்மாவிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப இஷாவுக்குப் புறகு ஒரு மணித்தியாலம் அவட நேரம். நான் கூப்பிட மாட்டன் சேர்" என்றார்.

அந்தப் பிள்ளையின் படிப்பு அந்த இடத்திலேயே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மணித்தியாலம் ஒதுக்க முடியுமா?