அம்மாவும் அந்நிய பாஷையும்

இதை எழுதினால் இரண்டு பக்கமும் அடி விழும் என்று தெரியும். இருந்தாலும் ஆறு மாதமாக மனதில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன்.

புனே வந்து பதினோரு வருடம் ஆகிறது. அப்பா போன பிறகு அம்மாவையும் இங்கேயே கூட்டி வந்துவிட்டேன். நாங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம். அம்மாவுக்குக் கோயில் என்றால் மணி அடிக்க வேண்டும், ஐயர் அங்கி போட்டிருக்க வேண்டும், ஜெபப் புத்தகமும் கீர்த்தனையும் இருக்க வேண்டும். நாங்கள் குடியிருக்கும் பக்கத்தில் தமிழ் ஆராதனை என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான். ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்து ஞாயிறு மதியம் நடத்தும் பெந்தெகொஸ்தே சபை. மராத்தியும் இந்தியும் தெரியாத அம்மாவுக்கு அந்த மூன்று மணி நேரம்தான் வீட்டுக்கு வெளியே வாய் திறந்து பேசக் கிடைக்கும் நேரம். அதனால் நானே கொண்டு விட்டு, நானே கூட்டி வருவேன்.

ஒரு ஞாயிறு திரும்பி வந்தவள் சாப்பிடவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் மெதுவாகக் கேட்டாள்: "ஏலே, அந்நிய பாஷை பேசலைன்னா ஆவி இல்லைன்னு அர்த்தமாம்லா. அப்போ ஒங்க தாத்தா நாப்பது வருஷம் உபதேசியாரா இருந்தாங்களே, அவங்களுக்கும் இல்லையா?"

என்னிடம் பதில் இல்லை. கம்ப்யூட்டரில் பிழை பார்த்துப் பிழைப்பவன் நான், வேதம் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு பிழை எந்த நாளில், எந்த வரியில் உள்ளே வந்தது என்று தேடுவது எனக்குப் பழகிய வேலை. அப்படித்தான் தேட ஆரம்பித்தேன்.

முதலில் அந்த வார்த்தை. பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில், 14ஆம் அதிகாரத்தில், கிரேக்க மூலத்தில் இருப்பது 'குளோசா', அதாவது நாக்கு அல்லது பாஷை. 'அந்நிய' என்பது மொழிபெயர்ப்பில் சேர்ந்தது. பழைய ஆங்கில பைபிளிலும் இப்படி ஒரு சொல்லைச் சேர்த்து, சேர்த்தது தெரியட்டும் என்று சாய்வெழுத்தில் போட்டிருக்கிறார்கள். கத்தோலிக்கர்களின் திருவிவிலியம் இதையே 'பரவசப் பேச்சு' என்கிறது. ஒரே விஷயம்தான். ஒரு பெயரைக் கேட்டால் தெரியாத நாட்டு மொழி என்று தோன்றும், மற்றதைக் கேட்டால் மொழியே இல்லை என்று தோன்றும். பாதிச் சண்டை இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரத்தில் வெளியூர்க்காரர்கள் அவரவர் தாய்மொழியில் கேட்கிறார்கள். கொரிந்துவிலோ யாருக்கும் புரியவில்லை, அர்த்தம் சொல்ல வேறொருவர் வேண்டியிருக்கிறது. பவுல் அதைத் தடை செய்யவில்லை. ஒரு கூட்டத்தில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒவ்வொருவராகப் பேசட்டும், அர்த்தம் சொல்ல ஆளில்லை என்றால் சபையில் வாயை மூடிக்கொள்ளட்டும் என்கிறார். எல்லோருமா பேசுகிறார்கள் என்ற கேள்வியையும் அவரே கேட்கிறார், இல்லை என்ற பதிலை எதிர்பார்த்து. நான்காம் நூற்றாண்டின் கடைசியில் இதே பகுதிக்கு விளக்கம் சொல்லும் கிறிசோஸ்தம், அந்த வரங்கள் நின்றுபோனதால் தனக்கு இது தெளிவாகப் புரியவில்லை என்கிறார். அப்புறம் பல நூற்றாண்டுகளுக்கு அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

இப்போது நம்ம ஊர். 'இதெல்லாம் அமெரிக்கச் சரக்கு' என்று எங்கள் சி.எஸ்.ஐ. ஆட்கள் ரொம்ப சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். தப்பு. 1860இல் திருநெல்வேலிச் சீமையில் ஒரு எழுப்புதல் நடந்தது. அதன் நடுவில் இருந்தவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். 1810இல் உக்கிரன்கோட்டையில் பிறந்தவர், ரேனியஸ் ஐயரிடம் பாளையங்கோட்டையில் படித்தவர், எந்த மிஷனிடமும் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்து, கிறிஸ்டியான்பேட்டை என்று ஒரு ஊரையே உண்டாக்கியவர். ஜனங்கள் நடுங்கி அழுததையும், தரிசனம் கண்டதையும், சிலர் புரியாத பாஷையில் பேசியதையும், வேறு சிலர் அர்த்தம் சொன்னதையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்காவில் பெந்தெகொஸ்தே என்ற இயக்கமே பிறப்பதற்கு நாற்பது வருடம் முன்னால் இது! சி.எம்.எஸ். மிஷனரிகளில் சிலருக்கு சந்தோஷம், சிலருக்கு சங்கடம். வேடிக்கை என்னவென்றால், இன்று அருளப்பனைத் தங்கள் முன்னோர் என்று கொண்டாடும் பிரதரன் சபைகளில் பெரும்பாலானவை அந்நிய பாஷையை ஏற்றுக்கொள்வதில்லை.

சரி, அம்மாவிடம் சொல்லப்பட்ட அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது? அதற்கு நாளும் இடமும் உண்டு. 1901 ஜனவரி 1, அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து டொபீகா. சார்லஸ் பர்ஹாம் நடத்திய சிறிய வேதப் பள்ளியில் ஆக்னஸ் ஓஸ்மன் என்ற மாணவி புரியாத பாஷையில் பேசினார். அதைச் சீன மொழி என்று நம்பினார்கள். ஆவியின் அபிஷேகத்துக்கு அந்நிய பாஷைதான் முதல் அடையாளம் என்று பர்ஹாம் போதித்தார். இதனால் மிஷனரிகள் இனி மொழி படிக்கவே வேண்டாம் என்றும் நம்பினார். அவரிடம் கேட்டுப் படித்த கறுப்பின ஊழியர் வில்லியம் சீமோர் 1906இல் லாஸ் ஏஞ்சலிஸின் அசூசா தெருவில் கூட்டம் நடத்த, நெருப்பு உலகமெங்கும் பரவியது.

அங்கே அபிஷேகம் பெற்ற ஆல்பிரட் கார், தனக்கு வங்காளம் கிடைத்துவிட்டது என்று நம்பி மனைவியோடு கப்பலேறி 1907 தொடக்கத்தில் கல்கத்தா வந்து சேர்ந்தார். பேசினார். ஒருவருக்கும் புரியவில்லை! புனே ஸ்டேஷன் ஆட்டோக்காரரிடம் இந்தி என்று நினைத்துக்கொண்டு நான் முதல் நாள் பேசியது ஞாபகம் வந்தது. ஆனால் அந்த மனிதர் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு ஓடவில்லை. அந்நிய பாஷை பிரசங்கத்துக்கு அல்ல, தேவனைத் துதிக்க என்று தன் புரிதலை மாற்றிக்கொண்டார். பெந்தெகொஸ்தேக்காரர்கள் பொதுவாகவே மெல்ல மெல்ல அந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள்.

இதே சமயம், என் வீட்டிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரத்தில் கேட்காவ்(ன்). புனேயிலிருந்து தவுண்ட் போகும் வழியில் வரும் சின்ன ஸ்டேஷன். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் கவனிக்காமல் கடந்திருப்பீர்கள். அங்கே பண்டித ரமாபாயின் முக்தி மிஷன். சமஸ்கிருதப் புலமைக்காகக் கல்கத்தாவில் 'பண்டிதா', 'சரஸ்வதி' என்று பட்டம் வாங்கியவர், பிற்பாடு பைபிளை எளிய மராத்தியில் மொழிபெயர்த்தவர். பஞ்சத்தில் தப்பிய பெண்களும் இளம் விதவைகளும் நூற்றுக்கணக்கில் அவரிடம் இருந்தார்கள். 1905 ஜூனில் அங்கே எழுப்புதல். ஒரு பெண்ணின் மேல் நெருப்பைக் கண்டதாக நினைத்து இன்னொருத்தி வாளித் தண்ணீரோடு ஓடி வந்தாளாம். 1906 முடிவதற்குள் அந்நிய பாஷையும் கேட்டது. தவுண்டில் ஆண்பிள்ளைகளுக்கு விடுதி நடத்திய ஆல்பர்ட் நார்ட்டன், இங்கிலீஷ் தெரியாத பெண் இங்கிலீஷில் ஜெபித்ததைக் கேட்டதாக எழுதியிருக்கிறார். நான் அதை நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ரமாபாய் இதைத் தடுக்கவில்லை, ஆனால் இது இல்லாவிட்டால் ஆவி இல்லை என்று சொல்லவும் இல்லை. அவருடைய சகஊழியர் மின்னி ஏப்ரம்ஸ் இந்த எழுப்புதலைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதி, சிலி நாட்டில் இருந்த பழைய வகுப்புத் தோழிக்கு அனுப்பினார். அந்தத் தோழியின் கணவர்தான் வில்லிஸ் ஹூவர். 1909இல் சிலியில் பெந்தெகொஸ்தே வெடித்தது. அந்த வழி வந்த சபைகளிலும் அந்நிய பாஷைதான் ஒரே அத்தாட்சி என்ற பிடிவாதம் இல்லை. அமெரிக்காவின் அசெம்பிளீஸ் ஆஃப் காட் 1916இல் அதைக் கொள்கையாக எழுதி வைத்தபோது உள்ளேயே எதிர்ப்பு இருந்தது. எஃப். எஃப். பாஸ்வொர்த் என்ற பேர்பெற்ற ஊழியர் 1918இல் இதற்காகவே வெளியேறினார்.

வில்லியம் சாமரின் என்ற மொழியியல் அறிஞர் பல நாட்டுக் கூட்டங்களில் கேட்டு ஆராய்ந்து 1972இல் புத்தகம் போட்டார். அது மொழியின் இலக்கணத்தில் அடங்காது, ஆனால் அதன் ஒலிகள் பேசுகிறவரின் சொந்த பாஷையிலிருந்தே வருகின்றன என்றார். பொய் நடிப்பு என்று அவர் சொல்லவில்லை. இதைப் படித்த பிறகு எங்கள் சபையில் காது கொடுத்துக் கேட்டேன். பிம்ப்ரியிலிருந்து வரும் ஒரு அக்கா கண்ணீரோடு பேசிய அந்நிய பாஷையில் சுத்தமான தூத்துக்குடி வாடை. கேலியாகச் சொல்லவில்லை. வாரம் முழுக்க மராத்தியில் வீட்டு வேலை செய்யும் அந்த மனுஷிக்கு, யாரும் தப்பு கண்டுபிடிக்க முடியாத பேச்சு அது ஒன்றுதான் என்று தோன்றியது.

மே மாதம் ஊருக்குப் போகும்போது கேட்காவ் வந்ததும் அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டொபீகா, கல்கத்தா எதிலும் அவளுக்கு அக்கறையில்லை. உக்கிரன்கோட்டை என்றதும் நிமிர்ந்தாள். "நம்ம ஊர்க்காரரா?" என்றாள். பிறகு, "பேசினவங்களும் இருந்தாங்க, பேசாதவங்களும் இருந்தாங்க, அப்படித்தான?" என்றாள். ஆமாம் என்றேன். வண்டி தவுண்டில் நின்றதும் டீ கேட்டாள்.

திரும்பி வந்து, வேறு சபை பார்க்கலாமா, கொஞ்சம் தூரம்தான் என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டாள். "அந்தப் புள்ளைகளை விட்டுட்டு எங்க போக?" இப்போதும் ஞாயிறு மதியம் போகிறாள். எல்லோரும் அந்நிய பாஷையில் ஜெபிக்கும்போது, இவள் தாத்தா சொல்லிக்கொடுத்த கீர்த்தனை ஒன்றை உதட்டுக்குள் பாடிக்கொள்கிறாளாம். பாஸ்டர் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.