கட்டடமும் நுழைவுரிமையும்: பாறசாலை எல்லைப்புறத்திலிருந்து ஒரு விளையாட்டுக்கு மூன்று முன்மொழிவுகள்

நகரங்களைக் கட்டி அரசுகளை வளர்க்கும் உத்தி விளையாட்டுகள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வரலாற்றுக் கோட்பாடு மறைந்திருக்கிறது. எது ‘அதிசயம்’, எது வெறும் கட்டடம் என்று அவை வகுக்கும் எல்லையில் அக்கோட்பாடு வெளிப்படுகிறது. ‘சிவிலைசேஷன்’ வரிசையின் ஆறாம் பதிப்பில் மகாபோதிக் கோயிலும் தாஜ்மகாலும் அதிசயங்களாக இடம்பெற்றன. 2025 பிப்ரவரியில் வெளிவந்த ஏழாம் பதிப்பு சோழரை ஒரு நாகரிகமாகச் சேர்த்து, தஞ்சைப் பெரிய கோயிலை அவர்களுக்குரிய அதிசயமாக்கியது. அடுத்து எந்தக் கட்டடத்தைச் சேர்க்கலாம் என்று விளையாடுவோர் பட்டியல் போடுவதும் இயல்பாகிவிட்டது. அப்பட்டியல்களில் மூன்று அளவுகோல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: கட்டடம் பெரிதாக இருக்க வேண்டும்; இன்றும் நிற்க வேண்டும்; ஓர் அரசனின் அல்லது ஓர் இனத்தின் பெயரை அதன்மீது எழுத முடிய வேண்டும்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லைச் சிற்றூர்களையும், களியக்காவிளைக்கு அப்பால் விரியும் விளவங்கோட்டையும் ஒரே நிலப்பகுதியாகக் கொண்டு இவ்வளவுகோல்களைப் பொருத்திப் பார்த்தால் மூன்றும் தடுமாறுகின்றன. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதுவரை இருபுறமும் ஒரே திருவிதாங்கூர்தான். பிரிவினையின் விசித்திரத்துக்குப் பத்மநாபபுரம் அரண்மனையே சான்று: நிலம் தமிழ்நாட்டினுடையது, நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையினுடையது. விளையாட்டுக்கு ஒரு கட்டடத்தைக் கேட்டால் பலரும் முதலில் சொல்வது இவ்வரண்மனையைத்தான். ஆயினும் இந்நிலத்தின் வரலாற்றை விளக்கத் தகுந்தவை வேறு மூன்று இடங்கள்.

முதலாவது, பார்த்திவசேகரபுரத்துச் சாலை. முஞ்சிறைக்கு அருகே இன்று பார்த்திபபுரம் என வழங்கும் ஊர் அது. ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாருக்கு வேறு நிலம் கொடுத்து, அவர்களுக்குரிய உழக்குடிவிளை என்னும் நிலத்தை மாற்றாகப் பெற்றான். அங்கே திருமால் கோயிலை எடுப்பித்து, தொண்ணூற்றைந்து மாணவருக்கான சாலையையும் நிறுவினான். திருவிதாங்கூரின் ஹுசூர் அலுவலகத்தில் இருந்தமையால் ‘ஹுசூர் அலுவலகச் செப்பேடுகள்’ எனப் பெயர்பெற்ற ஆவணமே இதற்கு ஆதாரம். கோபிநாத ராவ் அதைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தார். நிகழ்வின் நாளைச் செப்பேடு கலியுகம் தொடங்கிக் கழிந்த நாட்களின் எண்ணிக்கையாகவே குறிக்கிறது: 14,49,087. கணக்கிட்டால் பொ.ஆ. 866 ஜூலை மாதம் வருகிறது.

கற்றலுக்கான அதிசயங்கள் விளையாட்டுக்குப் புதியவை அல்ல. ஆறாம் பதிப்பில் திம்புக்துவின் சங்கோரே பல்கலைக்கழகத்தைப் பாலைநிலத்தில் மட்டுமே எழுப்பலாம். ஆக்ஸ்போர்டுக்குப் புல்வெளியோ சமவெளியோ வேண்டும். இரண்டுமே கல்வி வளாகத்தை ஒட்டி அமைய வேண்டும். அம்முறைப்படி பார்த்திவசேகரபுரத்துக்கு விதிக்க வேண்டிய நிபந்தனை நிலத்தின் தன்மை பற்றியதன்று, நிலத்தின் உரிமை பற்றியது. தன் நாட்டிலிருந்த நிலத்தையும் அரசன் சபையாரிடம் கைம்மாறு கொடுத்தே பெற்றான். ஆகவே இச்சாலையைக் கட்ட விரும்பும் ஆட்டக்காரர் தம் வசமுள்ள ஒரு நிலக்கட்டத்தை விட்டுக்கொடுத்தாக வேண்டும். கல்லையும் பொன்னையும் மட்டும் விலையாகக் கேட்கும் விளையாட்டில் இது புதிய கணக்கு.

சாலையின் உள்ளமைப்பு இன்னும் நுட்பமானது. தொண்ணூற்றைந்து இடங்களும் வேதப் பிரிவுகளின்படி 45, 36, 14 எனப் பங்கிடப்பட்டன. சேர விரும்புவோர் இலக்கணம், மீமாம்சை, புரோகிதம் ஆகியவற்றோடு ‘திரைராச்சிய வியவகாரம்’ அறிந்திருக்க வேண்டும். மூன்று அரசுகளின் நடைமுறை என்று பொருள்படும் இத்தொடரைச் சேர, சோழ, பாண்டிய அரசுகளைக் குறிப்பதாகக் கொள்வது வழக்கம். மூவேந்தரின் செல்வாக்கும் வந்து முட்டிய தென்கோடியில் ஒரு கல்விநிலையம் இத்தகுதியைக் கேட்டது தற்செயலாக இருக்க முடியாது. அது எல்லையில் நின்று எல்லைகளைக் கடந்து செயற்படக் கூடியவர்களைத் தேடியது.

‘சாலை’ என்னும் சொல்லும் ஆய்வுக்குரியது. இன்றைய தமிழில் அது முதன்மையாகப் பாதை. ‘பாடசாலை’, ‘அறச்சாலை’, ‘தொழிற்சாலை’ போன்ற கூட்டுச் சொற்களில் மட்டும் கூடம் என்ற பழம்பொருள் எஞ்சியிருக்கிறது. பார்த்திவசேகரபுரத்துக்கு முன்மாதிரியாகச் செப்பேடு சுட்டும் காந்தளூர்ச் சாலை, முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியிலும் வருகிறது. அதைத் திருவனந்தபுரத்து வலியசாலையோடு பொருத்துவோர் பலர். அங்கு அவன் அறுத்த ‘கலம்’ மரக்கலமா, மாணவர் உண்கலமா என்ற விவாதம் தீரவில்லை. பாறசாலை என்ற ஊர்ப்பெயரின் ஈற்றிலும் இதே சொல்வடிவம் ஒலிக்கிறது. ஆனால் பெயரின் ஈற்றை மட்டும் கொண்டு அங்கே ஒரு கல்விநிலையம் இருந்ததாக முடிவு கட்டுவது மொழியியல் ஆகாது. ஆவணம் இல்லாத இடத்தில் ஊர்ப்பெயர் ஒரு வினாவாகவே நிற்க வேண்டும்.

இரண்டாவது முன்மொழிவு சிதறால். மார்த்தாண்டத்துக்கு அருகேயுள்ள இக்குன்றின் பழம்பெயர் திருச்சாரணத்துமலை. பாறை தானே கூரையாக நீண்டு நிற்க, அதன் முகத்தில் தீர்த்தங்கரர் உருவங்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, பேராயக்குடி அரட்டநேமி பட்டாரகரின் மாணாக்கியான குணந்தாங்கி குரத்திகள் என்னும் சமணப் பெண் துறவி இங்குள்ள பட்டாரியாருக்குப் பொன்னணி அளித்ததைக் கூறுகிறது. குரவர் என்பதன் பெண்பால் வடிவமே குரத்தி. அது கற்பிக்கும் பெண்ணின் பெயர். பின்னாளில் இவ்விடம் பகவதி கோயிலாயிற்று. ஆகவே விளையாட்டில் இதற்குரிய விளைவு: நகரின் சமயம் மாறினாலும் இக்கட்டடத்தை இழக்க வேண்டியதில்லை.

மூன்றாவது அருவிப்புறம். நெய்யாற்றின் கரையில், நெய்யாற்றின்கரை தாலுகாவுக்குள் இருக்கும் இவ்வூரில் 1888ஆம் ஆண்டுச் சிவராத்திரியன்று நாராயண குரு ஆற்றிலிருந்து எடுத்த ஒரு கல்லைச் சிவலிங்கமாக நிறுவினார். பிரதிட்டை செய்யும் உரிமை பிராமணருக்கே என்றிருந்த நாட்டில், ஈழவர் குலத்தில் பிறந்த ஒருவர் செய்த செயல் அது. சாதி வேற்றுமையும் மதப்பகையும் இன்றி அனைவரும் உடன்பிறந்தாராக வாழும் இடம் என்பதே அங்கு எழுதிவைக்கப்பட்ட வாசகத்தின் கருத்து. அவ்விடத்தை ஒட்டி எழுந்த குழுவே 1903இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாக விரிந்தது. திருவிதாங்கூரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பரில்தான். கோபுர உயரத்தை அளந்தால் அருவிப்புறம் எந்தப் பட்டியலிலும் நுழையாது.

பார்த்திவசேகரபுரத்துக்கும் அருவிப்புறத்துக்கும் இடையே காலத்தால் 1,022 ஆண்டுகள். நிலத்தால் ஒரு நாள் நடைத் தொலைவு. முன்னது தொண்ணூற்றைந்து பேருக்குக் கதவைத் திறந்தது. அத்தொண்ணூற்றைந்தும் வேதம் ஓதும் உரிமை பெற்றோருக்கே உரியவை. அச்சாலையைப் புகழும் எந்த வரலாறும், அதன் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் யார் என்று கேட்காமல் முழுமை பெறாது. அருவிப்புறம் அக்கேள்வியின் பதில். அதிசயம் என்றால் அறிவுப்புள்ளி கூடும், பண்பாட்டுப்புள்ளி கூடும் என்று கூட்டல் கணக்கு மட்டும் போடும் விளையாட்டில் இவ்விரண்டையும் நேர்மையாக இடம்பெறச் செய்ய முடியாது. சாலை அறிவைக் கூட்டும் அதே வேளையில் நகரத்து மக்களில் பெரும்பாலோரை அதன் பயனிலிருந்து விலக்க வேண்டும்; அவ்விலக்கை நீக்கும் ஆற்றல், பிற்காலத்தில், ஓர் ஆற்றுக்கல்லுக்கு இருக்க வேண்டும்.

எஞ்சுவது பெயர்ச்சிக்கல். ஏழாம் பதிப்பில் பல அதிசயங்கள் ஒரு நாகரிகத்தின் பெயரோடு பிணைக்கப்பட்டுள்ளன. ஆய் அரசு சோழருடையதன்று. இன்றைய கேரளம், தமிழ்நாடு என்னும் பிரிவுகளுள் ஒன்றில் மட்டும் அடங்குவதும் அன்று. 866இல் எழுதிய செப்பேட்டை 1956இன் எல்லைக்கோட்டால் பங்கிடுவது காலவழு. ஆயினும் அக்கோட்டின் இருபுறத்து மாணவரும் மற்றப் புறத்து ஆவணத்தைத் தமக்குத் தொடர்பற்றதாக எண்ணி வளர்கின்றனர். ஓர் எல்லைப்புறக் கட்டடத்தை விளையாட்டுக்கு முன்மொழிபவர் உயரம், உரிமையாளர் என்ற இரண்டையும் ஒத்திவைத்து, முதலில் வாசலைப் பார்க்க வேண்டும்: யார் நுழைந்தார்கள், யார் நுழையவில்லை, அந்த விதியை மாற்றியவர் யார்?