கொடி விழும் கணம்

பெயர் என்னவோ கால்பந்து. ஆனால் பந்தைக் காலால் உதைப்பதைவிடக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். அமெரிக்கர்களின் இந்த ஆட்டத்தில் ஆட்டக்காரர்களைவிட என் கவனத்தைக் கவருகிறவர்கள், கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட சட்டை அணிந்த நடுவர்கள்தாம். இருபத்திரண்டு பேர் ஒரே சமயத்தில் மோதிக்கொள்ளும்போது, எது வீரம், எது குற்றம் என்று இமைப்பொழுதில் சொல்ல வேண்டிய தலைவிதி அவர்களுடையது.

இந்த ஆட்டத்தின் விதிகள் பல, உயிர்ப்பலி வாங்கிக்கொண்டு பிறந்தவை. 1905ஆம் ஆண்டில் ஒரே பருவத்தில் குறைந்தது 18 பேர் இறந்ததாகப் பத்திரிகைகள் கணக்கிட்டன. அந்த அக்டோபரில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் சர்வகலாசாலைகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கே அழைத்துப் பேசினார். மறு ஆண்டு விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி வீச அனுமதி கிடைத்தது. கும்பலாகத் திரண்டு முட்டுவது குறைந்து, ஆட்டம் மைதானமெங்கும் பரவியது.

ஆட்டம் பரவினால் அதைப் பார்க்கும் கண்களும் பெருக வேண்டும் அல்லவா? தொழில்முறை ஆட்டத்தில் 1947இல் ஐந்தாவது நடுவர் வந்தார், 1965இல் ஆறாவது, 1978இல் ஏழாவது.

குற்றத்தைக் கண்டதும் அறிவிப்பது எப்படி? ஆதியில் ஊதுகுழலும் விசிலும்தான். கூட்டத்தின் இரைச்சலில் அவை எங்கே கேட்கும்! 1941 அக்டோபரில் ஒஹையோ மாகாணத்து யங்ஸ்டவுன் கல்லூரியின் பயிற்சியாளர் டைக் பீடி இதற்கு ஒரு வழி கண்டார். அவர் மனைவி இர்மா சிவப்பும் வெள்ளையுமான துணியைத் தைத்து, தூண்டிலுக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை அதில் வைத்துக் கொடுத்தார். அதுதான் முதல் தண்டனைக் கொடி. 1948இல் தேசிய லீக் அதை ஏற்றுக்கொண்டது. 1965இல் அதன் நிறம் மஞ்சளாயிற்று.

கொடி எளிது, அதை எப்போது வீசுவது என்பதுதான் கடினம். எதிரியைக் கையால் பிடித்து நிறுத்தக் கூடாது என்பது விதி. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் ஏறக்குறைய ஒவ்வொரு மோதலிலும் யாரோ யாரையோ பிடிக்கத்தான் செய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் கொடி வீசினால் ஆட்டம் நடந்தபாடில்லை. எனவே, அந்தப் பிடி எதிரியை உண்மையில் தடுத்ததா, வெறும் தொடுகையா என்று நடுவர் எடைபோடுகிறார். புத்தகம் பாதி, மனிதர் பாதி.

அந்தப் புத்தகமாவது நிலையாக நிற்கிறதா? இல்லை. ஆண்டுதோறும் அணிகளின் சொந்தக்காரர்கள் கூடி, வாக்களித்து மாற்றுகிறார்கள். நடுவர்களில் பெரும்பாலோருக்கு வேறு தொழில் உண்டு. அதற்கு நடுவே விதிகளையும் உதாரணங்களையும் பாடம் படிக்க வேண்டும். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் அவர்கள் கொடுத்த தீர்ப்புகளைப் படம் ஓட்டிப் பார்த்து மேலிடம் மதிப்பெண் போடுகிறது. பரீட்சைக்குப் பயந்த பள்ளிப் பிள்ளைகளின் வாழ்க்கை!

இவ்வளவு படித்தாலும் நியாயம் கைக்கு எட்டிவிடுகிறதா என்றால், அதுதான் சிக்கல். 2002 ஜனவரி 19 அன்று, கொட்டும் பனியில், நியூ இங்கிலாந்து அணியின் டாம் பிரேடியின் கையிலிருந்து பந்து நழுவியது. ஓக்லண்ட் வீரர்கள் அதைக் கைப்பற்றி, வென்றுவிட்டதாகவே குதித்தார்கள். வீசக் கையை முன்னே கொண்டுவந்த ஒருவன், மனம் மாறிப் பந்தை உடம்போடு அணைத்துக்கொள்ளும் முன் நழுவவிட்டாலும், அது வீச்சாகவே கொள்ளப்படும் என்று 1999இல் ஒரு விதி வந்திருந்தது. தலைமை நடுவர் வால்ட் கோல்மன் படத்தைத் திரும்பப் பார்த்து, அந்த விதிப்படியே தீர்ப்பை மாற்றினார். ஓக்லண்ட் தோற்றது. புத்தகம் அவர் பக்கம். ஆனால் ஓக்லண்ட் ரசிகர்களின் மனம் ஆறவே இல்லை. 2013இல் அந்த விதியே நீக்கப்பட்டது.

2019 ஜனவரி 20 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்தது இதற்கு நேர்மாறு. பந்து வந்து சேருமுன்பே அதைப் பிடிக்க வேண்டியவர் மோதி வீழ்த்தப்பட்டார். பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்த குற்றம். கொடி மட்டும் விழவில்லை. உள்ளூர் அணி தோற்றது. கொந்தளிப்பு அடங்க, அத்தகைய தீர்ப்புகளையும் படம் பார்த்து மாற்றலாம் என்று 31க்கு 1 என்ற வாக்கில் முடிவாயிற்று. ஒரே பருவம்தான். மெதுவாக ஓட்டிப் பார்த்தாலும் அபிப்பிராயம் அபிப்பிராயமாகவே இருந்தது. 2020இல் அதைக் கைவிட்டார்கள்.

தவறு நடந்தால் விதி ஒன்றைக் கூட்டுவது, அந்த விதி இடித்தால் அதைக் குறைப்பது: நூறாண்டுக்கு மேலாக நடப்பது இதுதான். நம் வீட்டிலும் அலுவலகத்திலும் நாம் செய்வதும் வேறல்லவே!

ஆனால் இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கொடி வீசிய நடுவரிடம் சக நடுவர் வந்து, தாம் வேறு கோணத்திலிருந்து கண்டதைச் சொல்வார். இரண்டொரு நிமிஷம் கூடிப் பேசுவார்கள். பிறகு, குற்றம் இல்லை என்று பல்லாயிரம் பேர் முன்னிலையில் அறிவித்துவிட்டு, விழுந்த கொடியைக் குனிந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வார்கள். கூட்டம் கூச்சல் போடும். அவர்கள் அடுத்த ஆட்டத்துக்குத் தங்கள் இடத்தில் போய் நிற்பார்கள். எந்த விதிப் புத்தகமும் கற்றுக்கொடுக்க முடியாத பாடம் அது.