ஒட்டன்சத்திரம்: வழிப்போக்கர்கள் வளர்த்த ஊர்!

தொப்பம்பட்டி பக்கம் பறிக்கிற முருங்கைக்காய், மறுநாள் கேரளாவில் ஏதோ ஒரு வீட்டு சாம்பாரில் கொதிக்கும். நடுவுல அது கை மாறுற இடம்தான் ஒட்டன்சத்திரம்.

திண்டுக்கல் - பழனி சாலையில இருக்கிற ஊர். பேர்லயே சத்திரம் இருக்கு பாருங்க! தைப்பூசம் நேரத்துல பழனிக்கு நடந்து போற பக்தர்கள் கூட்டம் கூட்டமா இன்னிக்கும் இந்த வழியாத்தான் போறாங்க.

ராணிக்கு அடைக்கலம்

1772-ல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதரை இழந்தார் சிவகங்கை ராணி வேலுநாச்சியார். அவருக்கு அடைக்கலம் கொடுத்தது, ஒட்டன்சத்திரம் பக்கத்துல இருக்கிற விருப்பாச்சி பாளையம். 1780-ல் சிவகங்கையை மீட்டார் ராணி. விருப்பாச்சி பாளையக்காரர் கோபால் நாயக்கரை ஆங்கிலேயர்கள் 1801-ல் தூக்கிலிட்டார்கள். புவிசார் குறியீடு வாங்கிய மலை வாழைப்பழத்துக்கும் இதே விருப்பாச்சியோட பேர்தான்.

டாக்டர்கள் தேடி வந்த ஊர்

டாக்டர்கள் ஏ.கே.தரியன், ஜேக்கப் செரியன் இருவரும் 1955-ல் இங்கே கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்கள். சுத்துப்பட்டு கிராம மக்கள் வைத்தியத்துக்காக நகரங்களுக்கு அலையுறது குறைஞ்சது.

மார்க்கெட்தான் உயிர்

தக்காளி, கத்திரி, வெண்டை, பச்சை மிளகாய், முருங்கை... கள்ளிமந்தையம், இடையகோட்டை, தொப்பம்பட்டினு சுத்தியுள்ள ஊர்க் காய்கறிகள் இங்குள்ள கமிஷன் கடைகளுக்கு வந்து சேரும். தமிழ்நாட்டோட பெரிய காய்கறி மார்க்கெட்டுகள்ல இதுவும் ஒண்ணு. சரக்குல பெரும்பகுதி லாரி ஏறி கேரளாவுக்குப் போயிடும்.

பலமும் அதுதான், சிக்கலும் அதுதான். ஓணம் வந்தா இங்கே விலை ஏறும். 2018-ல வந்த மாதிரி கேரளாவில் வெள்ளம் வந்தா, இங்கே மூட்டைகள் தேங்கும். விலை ரொம்ப இறங்கிட்டா பறிப்புக் கூலிகூட கட்டாது. தக்காளியைச் செடியிலேயே விட்டுடுற விவசாயிகளும் உண்டு. வெங்காயமாவது பட்டறையில கொஞ்ச நாள் தாங்கும். பழுத்த தக்காளி தாங்காது. அதனாலதான் போதுமான குளிர்பதனக் கிடங்கும், தக்காளியை சாஸ், கூழாக மாற்றும் ஆலைகளும் இந்தப் பக்கத்துக்கு அவசியம்.

வந்தவங்களுக்கெல்லாம் தங்க இடம் கொடுத்த ஊர் இது. விளைஞ்ச காய்க்கும் நாலு நாள் தங்க இடம் கிடைச்சா, விவசாயி விலை பேச தெம்பு வரும்!