இரவுத் தபால் வண்டியின் சாரதி



இலங்கைப் புகையிரதத்தின் வரலாற்றை நம் மாணவரிடம் கேட்டால், 1864 ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸை வரை முதல் வண்டி ஓடியது என்பார்கள். 1905 இல் வடபாதை முழுமையுற்றது என்பதையும் சிலர் அறிந்திருப்பர். ஆளுநர்களின் பெயர்களும் நினைவிலிருக்கும். ஆனால் அவ்வண்டிகளை ஓட்டிய சாரதிகளைப் பற்றி நம் பாடநூல்கள் ஒரு வரிதானும் கூறுவதில்லை. இக்குறையை இன்று சிறிதளவேனும் தீர்க்க விரும்புகின்றேன்.

நீராவிக் காலத்தில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவுத் தபால் வண்டியிற் சென்றவர்கள் பொல்காவலை தாண்டுமுன்னரே உறங்கத் தொடங்குவர். சாரதிக்கோ வேலை வண்டி புறப்படப் பல மணி நேரத்துக்கு முன்பே தொடங்கிவிடும். குளிர்ந்து கிடக்கும் கொதிகலன் ஓர் அடுப்பைப்போல உடனே சூடேறுவதன்று. நெருப்பு மூட்டி, நீராவி அழுத்தம் உயரும்வரை காத்திருத்தல் வேண்டும். அதற்கிடையில் சாரதி கையில் எண்ணெய்க் குவளையுடன் எஞ்சினைச் சுற்றிவந்து, ஒவ்வொரு மூட்டுக்கும் எண்ணெய் இடுவார். ஒன்றை மறந்தால் நடுவழியில் அது காய்ந்து பழுக்கும்.

ஓட்டத்தின்போது அவர் கண் மூன்று இடங்களில் இருந்தாக வேண்டும்: முன்னே கைகாட்டி விளக்கு, உள்ளே அழுத்தமானி, அதனருகே நீர்மட்டக் கண்ணாடி. இவற்றுள் நீர்மட்டமே உயிர்நிலை. நெருப்பறையின் மேற்றகட்டை நீர் மூடாதுவிடின் தகடு பழுத்து வலிமையிழக்கும். பின்னர் கொதிகலன் வெடிக்கவும் கூடும். நிலக்கரியை அள்ளி இடுபவர் தீயாளர். அவர் எங்கே, எவ்வளவு இடவேண்டுமென்பது இருவருக்கும் பொதுவான அறிவு. ஏற்றம் வருவதற்கு முன்னரே நெருப்பை வளர்த்தல் வேண்டும். ஏற்றத்தை அடைந்தபின் வளர்த்துப் பயனில்லை. ஆதலால் பாதையின் ஒவ்வொரு மேடும் வளைவும் இருளிலும் மனப்பாடமாயிருக்க வேண்டும். என் எண்ணத்தில், இதனைக் கல்வி என்றே சொல்லவேண்டும்.

வடபாதையின் பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே இரு வண்டிகள் வந்தால் விலக இடமில்லை. இதற்கென எழுந்த முறையே 'டப்லட்' முறை. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைக்கப்பட்ட பெட்டிகள் இருக்கும். அவற்றிலிருந்து ஒரு நேரத்தில் ஒரேயொரு வட்டத் தகட்டையே எடுக்க முடியும். அத்தகடு கையில் இல்லாத சாரதி அப்பகுதியினுள் நுழைதல் ஆகாது. நில்லாது செல்லும் நிலையத்தில், வளையத்தில் கோத்த தகட்டை ஓடும் எஞ்சினிலிருந்தே கை நீட்டிப் பற்றவேண்டும். உறங்கும் நூற்றுக்கணக்கானோரின் உயிர், உள்ளங்கையில் அடங்கும் அந்த உலோகத் துண்டை நம்பியிருந்தது.

மதவாச்சிக்கு அப்பால் காடு. யானை பாதையைக் கடக்கும். முழு வேகத்தில் செல்லும் வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்த எந்தச் சாரதியாலும் இயலாது. விளக்கொளியிற் கண்டும் ஒன்றும் செய்ய மாட்டாத அச்சில கணங்களை வெளியார் அறிவது அரிது.

1954 இல் கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடாவிலிருந்து டீசல் எஞ்சின்கள் வந்தன. 1956 ஏப்பிரலில் 'யாழ்தேவி' ஓடத் தொடங்கியது. கரியும் வெப்பமும் நீங்கின. விழிப்பு மட்டும் நீங்கவில்லை.

1990 யூனில் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. போர்க்காலத்தில் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன; நிலையங்கள் இடிந்தன. 2014 ஒக்டோபர் 13 ஆந் திகதி யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது மக்கள் திரண்டு வரவேற்றனர். இடையிற் கழிந்தவை 24 ஆண்டுகள். சேவை நின்றபோது 35 வயதாயிருந்த ஒரு சாரதிக்கு அன்று 59 வயது. புதிய தண்டவாளம் பழைய தடத்திலேயே சென்றது. ஆயினும் இருளில் இடமறிய உதவிய பனைகள் பல அங்கே இல்லை. பின்வந்த சாரதிகள் அப்பாதையை முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று.