வைரம்

வைரம்: நவமணிகளுள் ஒன்று, தூய கரியின் படிகம். பழைய வடிவம் 'வயிரம்'. வடமொழி 'வஜ்ர' பிராகிருதம் வழியே இவ்வாறு ஆயிற்று என்பது பெரும்பாலோர் கொள்கை. முற்றிய மரத்தின் நடுவே இறுகிய கட்டைக்கும் இதுவே பெயர். தொல்காப்பியம் அதைக் 'காழ்' என்னும். தீராப் பகையைக் குறிக்கும் 'வைரம்' வேறொரு வடசொல்லின் வழி வந்தது.

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை, மதுரை மணிக்கடைகளைச் சொல்லும் இடத்தில் வயிரத்தின் குற்றங்களாகக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை ஆகிய நான்கைக் குறிக்கிறது. கல்லுக்குள் ஓடும் கீற்றில் காக்கையின் காலடியைக் கண்டு பெயரிட்டவர் எவரோ, அவர் நல்ல கண்ணுடையவர்.

இன்றைய திருவள்ளூர் மாவட்டம் வைரம் விளைந்த நிலமன்று, வைர வணிகம் நடந்த கரை. டச்சுக்காரர் 1613இல் அங்குள்ள பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். துணியே அவர்களின் முதன்மைச் சரக்கு. கோல்கொண்டாவின் கிருஷ்ணை ஆற்றங்கரைச் சுரங்கக் கற்களும் கைமாறின. 1690இல் அவர்களின் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. அதற்குள் சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரின் வைர வணிகம் வேரூன்றியிருந்தது. அங்கே 1698 முதல் 1709 வரை ஆளுநராயிருந்த தாமஸ் பிட், ஜாம்சந்த் என்னும் வணிகரிடம் ஏறத்தாழ 410 காரட் எடையுள்ள பட்டை தீட்டாத கல்லை 48,000 வராகனுக்கு வாங்கினார். கல் எடுக்கப்பட்டது கொல்லூரிலா, பரிட்டாலாவிலா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சுரங்க அடிமை ஒருவர் காலைக் கீறி, காயத்துக்குள் கல்லை ஒளித்துக் கொண்டுவந்தார் என்ற கதைக்கு உறுதியான சான்றில்லை. லண்டனில் தீட்டியபின் எஞ்சியது சுமார் 140 காரட். 1717இல் பிரெஞ்சு அரசப் பிரதிநிதி வாங்கியதால் 'ரீஜண்ட்' எனப் பெயர் பெற்று, இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கிறது.

பிரேசில் வைரம் வந்தபின் கோல்கொண்டாவின் பெயர் மங்கியது; தென்னாப்பிரிக்க வைரம் அதற்கும் பின்னால் வந்தது. தோடு, பேசரி வாங்குவோர் கேட்கும் 'புளூ ஜாகர்', அந்நாட்டு ஜாகர்ஸ்பான்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது. சுரங்கம் 1971இல் மூடப்பட்டது. கடைப்பேச்சில் பெயர் நிலைத்துவிட்டது.

சீட்டாட்டத்தில் சாய்சதுரச் சின்னம் 'டைமன்'. வைரவிழா சிலருக்கு 60ஆம் ஆண்டு, சிலருக்கு 75ஆம் ஆண்டு. பழவேற்காட்டு வைரவன்குப்பத்தின் பெயரில் உள்ளவர் பைரவர், மணியோடு தொடர்பில்லை.

கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைப் பட்டறைகளில் 'டைமண்ட்' என்றால் கார்பைடு கருவிகளைத் தீட்டும் சாணைச் சக்கரம். அதில் பதிந்திருப்பது பெரும்பாலும் செயற்கை வைரத்தூள்.